ஒரு குவார்ட்டரில் எத்தனை கிராம்? மதுவின் கணக்கு, அடிப்படையிலிருந்து

"குடிப்பீங்களா?" என்று மருத்துவர் கேட்டால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் வரும் பதில், "எப்பவாவது ஒரு குவார்ட்டர் சார்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 'ஒரு' என்ற சொல்லுக்குள் ஆறு ஒளிந்திருக்கிறது. மதுவால் உடம்புக்கும் ஊருக்கும் ஆகும் செலவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த ஆறிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குவார்ட்டர் என்பது 180 மி.லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் புட்டியில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 180 மில்லியில் 77 மில்லி எத்தனால் என்ற போதைப்பொருள், மீதி தண்ணீரும் நிறமும் மணமும். எத்தனால் தண்ணீரைவிட இலேசானது. ஒரு மில்லியின் எடை 0.79 கிராம். 77-ஐ 0.79-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 10 கிராம் எத்தனாலை ஓர் 'அளவு' என்று கணக்கிடுகிறது. ஆக ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு.

இதே கணக்கில் 90 மில்லி கட்டிங் 3 அளவு, 375 மில்லி ஆஃப் பன்னிரண்டரை அளவு, 750 மில்லி ஃபுல் 25 அளவு. பீர் குடிப்பவர் "பீர்தானே" என்பார். 650 மில்லி புட்டியில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம், அதாவது 4 அளவு. கட்டிங்கைவிட அதிகம். 5 சதவீத பீர் என்றால் இரண்டரை அளவு. சோடா, தண்ணீர், குளிர்பானம் எதைக் கலந்தாலும் கிராம் குறையாது. அடர்த்திதான் குறையும்.

கல்லீரலின் வேகம்

உள்ளே போன எத்தனாலில் பெரும்பகுதியை எரித்துத் தீர்ப்பது கல்லீரல். அதன் வேகம் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம். அதை விரட்ட முடியாது. மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி, தலையில் தண்ணீர் என எதுவும் அந்த வேகத்தை மாற்றாது. காபி தூக்கத்தைக் கலைக்கும், போதையைக் கலைக்காது. விழித்திருக்கும் போதைக்காரர் வண்டிச் சாவியைக் கேட்பார் என்பதால் அது கூடுதல் ஆபத்து.

இதை வண்டி ஓட்டுவதோடு பொருத்திப் பார்த்தால்தான் கிராமின் கனம் புரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் எத்தனால் இருக்கக்கூடாது என்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆண் ஒரு குவார்ட்டரை வேகமாக முடித்தால் உச்ச அளவு 147 மில்லிகிராம் வரை போகலாம். அது மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் இறங்கும். 30-ஐத் தொட எட்டு மணி நேரம். இரவு 10 மணிக்குக் குடித்தவர் காலை 6 மணிக்குத்தான் சட்டத்தின் எல்லைக்கு வருகிறார். கூட ஒரு கட்டிங் போட்டிருந்தால் அது காலை பத்தரை மணி. தூங்கி எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, "தெளிஞ்சிருச்சு" என்று நம்பி பள்ளி வேனை எடுக்கும் ஓட்டுநர் சட்டப்படி குடிபோதையில் இருக்கலாம். முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இவை சராசரிக் கணக்குகள். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதே குவார்ட்டரில் உச்சம் இன்னும் மேலே போகும். உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதே காரணம்.

60 கிராம் தினமும் போனால்

எத்தனாலைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. பிறகுதான் அது தீங்கற்ற அசிட்டேட் ஆகிறது. அந்த நடுவழிப் பொருள்தான் வில்லன். அது செல்லின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. மதுபானத்தை முதல் வகைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே அறிவித்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என ஏழு இடங்கள். புகையிலையோடு சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோயின் ஆபத்து கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது.

தினமும் 60 கிராமுக்கு மேல் குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. இதற்கு வலியோ மஞ்சள் நிறமோ கிடையாது, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். நல்ல செய்தி, இந்தக் கட்டத்தில் முற்றிலும் நிறுத்தினால் நான்கு முதல் ஆறு வாரத்தில் கொழுப்பு கரைந்துவிடும். தொடர்ந்தால் சிலருக்கு அழற்சி, பிறகு கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ். வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுத்து வரும்போதுதான் பலர் முதன்முதலாக மருத்துவரைப் பார்க்கிறார்கள். அப்போது கரைவதற்குக் கொழுப்பு இல்லை, தழும்புதான் இருக்கும். தழும்பு பெரிதாகத் திரும்பாது. ஆனாலும் அந்த நிலையிலும் நிறுத்துகிறவர்கள் நிறுத்தாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். "இனி விட்டு என்ன ஆகப் போகுது" என்ற பேச்சு மருத்துவரீதியாகவே தவறு.

பலரும் சேர்த்துப் பார்க்காத நோய் காசநோய். தினமும் 40 கிராமுக்கு மேல், அதாவது குவார்ட்டரில் முக்காலுக்கும் குறைவாகவே, குடிப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. நோய் எதிர்ப்பு குறைகிறது, மாத்திரை தவறுகிறது, ஏற்கெனவே சோர்ந்த கல்லீரல் காசநோய் மருந்துகளின் பக்கவிளைவையும் தாங்க வேண்டியிருக்கிறது. ரத்த அழுத்தம், கணையப் பாதிப்பு, மனச்சோர்வு, தற்கொலை, கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறை எனப் பட்டியல் இருநூறைத் தாண்டும்.

"கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது" என்ற பழைய பேச்சுக்கு இன்று பலம் இல்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் நேரடியாகவே சொல்லிவிட்டது. அளவு கூடக்கூட ஆபத்து கூடும், அவ்வளவுதான்.

ஊர்க் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

மரணச் சான்றிதழில் 'மது' என்று அரிதாகவே எழுதப்படும். 'காசநோய்' என்று இருக்கும், 'தலைக்காயம்' என்று இருக்கும். அப்படியானால் மதுவால் இத்தனை பேர் இறந்தார்கள் என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஓர் எளிய உதாரணம், எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஊரில் 1,000 ஆண்கள். அதில் 100 பேர் தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள். குடிக்காதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக் காசநோய் வருகிறது என்றால் 900 பேரில் 9 பேர். குடிப்பவர்களுக்கு மூன்று மடங்கு, ஆகவே 100 பேரில் 3 பேர். மொத்தம் 12. யாருமே குடிக்காதிருந்தால் 10-தான் வந்திருக்கும். எனவே 12-ல் 2, அதாவது ஆறில் ஒரு பங்கு, மதுவின் கணக்கு. அந்த இரண்டு பேர் யார் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் இரண்டு பேர் என்பது உறுதி. இப்படி ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் போட்டுக் கூட்டியதில் 2019-ல் உலகம் முழுவதும் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 20 லட்சம் ஆண்கள்.

இந்தியாவில் எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் 14.6 சதவீதம், சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். உதவி தேவைப்படும் அளவுக்குக் குடிப்பவர்கள் 5.7 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த 38 என்ற எண்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி.

செலவை மூன்று பைகளில் பிரிக்கலாம். முதல் பை குடும்பத்துடையது. குவார்ட்டர் 150 ரூபாய் என்று வைத்தால் தினக் குடிக்கு ஆண்டுக்கு 54,000 ரூபாய்க்கு மேல், சைடிஷ் தனி. இரண்டாவது, ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, காப்பீடு, காவல் துறை என எல்லோரும் சேர்ந்து கட்டும் பை. மூன்றாவதுதான் மிகப் பெரியது, கண்ணிலும் படாதது: போகாத வேலை நாட்கள், நாற்பது வயதில் நின்றுபோன உழைப்பு, படிப்பை விட்ட பிள்ளை, அடிபட்ட மனைவி. 2019-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, அரசுக்கு வரும் வரியைக் கழித்த பிறகும் நிகர இழப்பு ஆண்டுக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 1.45 சதவீதம் என்று மதிப்பிட்டது. டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு 2023-24-ல் வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். வரவு ஒரே இடத்தில், ஒரே வரியில் தெரியும். செலவோ பல துறைகளிலும் பல லட்சம் வீடுகளிலும் சிதறிக் கிடக்கும். அதனால்தான் வரவு எப்போதும் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்னொரு சிக்கல். மதுத் தீங்கு என்றாலே தெருவோரம் விழுந்து கிடப்பவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் சாலை விபத்து, கைகலப்பு, ரத்தக் கொதிப்பு போன்றவற்றில் கணிசமான பங்கு, அடிமையாகாத, வாரம் ஒருமுறை குடிப்பவர்களிடமிருந்து வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறைவு, ஆனால் தலைகள் மிக அதிகம். எனவே குடிநோயாளிக்குச் சிகிச்சை மட்டும் போதாது. சிகிச்சையை விட்டுவிட்டு விலையை மட்டும் ஏற்றுவதும் போதாது.

மூன்று கேள்விகள்

தன் குடி எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் பத்துக் கேள்வி கொண்ட ஆடிட் என்ற சோதனையை வைத்திருக்கிறது. அதில் முதல் மூன்றே போதும், தொடக்கத்துக்கு.

எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள்? ஒருபோதும் இல்லை 0, மாதம் ஒருமுறை அல்லது குறைவு 1, மாதம் இரண்டு முதல் நான்கு முறை 2, வாரம் இரண்டு மூன்று முறை 3, அதற்கு மேல் 4. குடிக்கும் நாளில் எத்தனை அளவு? ஒன்று இரண்டு என்றால் 0, மூன்று நான்கு 1, ஐந்து ஆறு 2, ஏழு முதல் ஒன்பது 3, பத்தும் மேலும் 4. ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை? ஒருபோதும் இல்லை 0, மாதத்துக்கும் குறைவாக 1, மாதாமாதம் 2, வாராவாரம் 3, ஏறத்தாழ தினமும் 4.

ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே கவனிக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் ஒரு குவார்ட்டர் போடுபவர் சரியாகக் கணக்கிட்டால் 2, 2, 3, ஆக 7. அவரே குவார்ட்டரை 'ஒரு டிரிங்க்' என்று எண்ணிப் பதில் சொன்னால் 2, 0, 0, ஆக 2. மருத்துவமனைப் படிவங்களில் நடக்கும் பெரிய பிழை இதுதான். கேட்பவர் "எத்தனை டிரிங்க்?" என்று கேட்கக் கூடாது. "குவார்ட்டரா, ஆஃபா, யாரோடு பங்கு?" என்று கேட்டு, தானே ஆறால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னும் அடிமையாகாதவர்களுக்கு, மருத்துவர் அல்லாதவர் பேசினால்கூடப் பலன் உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் நான்கு அமர்வு வரை பேசியதில், மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து விலகியவர்கள் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். அந்தப் பேச்சில் அறிவுரை குறைவு. எந்தக் கிழமை, யாரோடு, எந்தக் கடை, கையில் எவ்வளவு பணம் என்று கேட்டு, அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை வெட்டலாம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் வேலை. சம்பள நாளில் பணம் நேராக மனைவியின் கணக்குக்குப் போவது, கடை வழியை விட்டு வேறு வழியில் வீடு திரும்புவது, வெறும் வயிற்றோடு உட்காராமல் இருப்பது, புட்டியாக வாங்காமல் 30 மில்லியை அளந்து ஊற்றுவது போன்றவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் வேலை செய்பவை.

திடீரென நிறுத்தக் கூடாதவர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பல மாதங்களாகத் தினமும் ஒரு குவார்ட்டரோ அதற்கு மேலோ குடிப்பவர், காலையில் கை நடுங்கி ஒரு வாய் ஊற்றினால்தான் நிற்கிறது என்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இவர்கள் வீட்டிலேயே சபதம் போட்டு நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. மாலை போட்டவுடன், கோயிலில் கயிறு கட்டியவுடன், சிறைக்கோ அறுவை சிகிச்சைக்கோ போனவுடன் இது நடப்பதுண்டு. மூளை பல ஆண்டுகளாக எத்தனாலின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளிப் பழகியிருக்கிறது. அழுத்தம் திடீரென விலகினால் தள்ளல் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி. 12 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் சிலருக்குக் குழப்பம், இல்லாத பூச்சியைத் தட்டுவது, காய்ச்சல், படபடப்பு. இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கப் போனால் நேரம் போய்விடும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரும் போகும்.

மருத்துவமனையில் குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்தைக் கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம். கூடவே வைட்டமின் பி1 எனும் தயமின் ஊசி. வரிசை முக்கியம்: தயமின் தராமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருந்த பி1-உம் தீர்ந்து மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். "சாப்பிடவே இல்ல, ஒரு குளுக்கோஸ் போட்டு விடுங்க" என்று கேட்கும் உறவினர், "தினமும் குடிப்பவர்" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஏழு நாள் வெறும் வாசல். நடுக்கம் நின்றுவிட்டது என்று வீட்டுக்குப் போனவர்களில் பலர் முதல் மூன்று மாதத்தில் திரும்பக் குடிக்கிறார்கள். வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் உண்டு. டைசல்ஃபிராம் வேறு வகை: அது அசிட்டால்டிஹைடைத் தேக்கி, குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழ வைக்கும். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கப்படும் பொடிகளில் இது இருந்தால், தெரியாமல் குடிப்பவர் செத்தே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை விளைவு நீடிக்கும். ஒப்புதலோடு, இதயப் பரிசோதனைக்குப் பின், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே இது.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் செலவில்லாத முதல் கதவு. 14446 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை இத்துறையில் நாட்டின் மூத்த நிறுவனங்களுள் ஒன்று. தனியார் மறுவாழ்வு மையம் என்றால் பணம் கட்டும் முன் நான்கைக் கேளுங்கள்: 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு இருக்கிறதா, மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், இரவில் செவிலியர் உண்டா, குடும்பம் நோயாளியைத் தனியே பார்க்க விடுவார்களா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். அடிப்பதும் சங்கிலியில் கட்டுவதும் சட்டப்படி குற்றம்.

கள்ளச்சாராயம் தனி விஷம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். அது போதையின் அளவு மிஞ்சியதல்ல, வேறு வேதிப்பொருள். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது, அமிலம் பார்வை நரம்பைத் தின்கிறது. ஏமாற்றுவது அதன் தாமதம்தான்: 12 முதல் 24 மணி நேரம் வரை வெறும் போதை போலவே இருக்கும். பிறகு வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்முன் பனிமூட்டம். கூடக் குடித்த ஒருவருக்குக் கண் மங்கினால், தங்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகாதவர்களும் உடனே டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஃபோமெபிசோல் அல்லது மருத்துவ எத்தனால் கொடுத்து அந்த மாற்றத்தைத் தடுத்து, டயாலிசிஸில் விஷத்தை வெளியேற்றுவார்கள். போலீஸுக்குப் பயந்து வீட்டில் படுத்திருப்பதில்தான் உயிர்கள் போகின்றன.

அரசு கையில் இருப்பவை

சேலம் மாவட்டத்தில் 1937-ல் மதுவிலக்கைக் கொண்டுவந்தார் ராஜாஜி. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மீண்டும் தளர்ந்தது. வரி மட்டும் போகவே இல்லை. முழு விலக்கில் மொத்தக் குடி குறையும் என்பது உண்மை. மிஞ்சிய குடி மெத்தனால் பக்கம் நகரும் என்பதும் உண்மை.

இடைப்பட்ட வழிகளில் அதிக ஆதாரம் உள்ளது விலை. ஸ்காட்லாந்து 2018 மே மாதம் ஒரு யூனிட்டுக்கு (அங்கே அது 8 கிராம் எத்தனால்) 50 பென்ஸ் என்று குறைந்தபட்ச விலை வைத்தது. மதுவால் மட்டுமே நிகழும் மரணங்கள் 13 சதவீதம் குறைந்ததாக 2023-ல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு கணக்கிட்டது. நுணுக்கம் என்னவென்றால், அங்கே விலை ஏறியது பானத்துக்கல்ல, எத்தனாலுக்கு. மலிவான, காரமான சரக்குதான் அதிகம் அடிபட்டது. இங்கே விலையேற்றம் கள்ளச்சாராயச் சோதனையோடு சேர்ந்தே வர வேண்டும்.

அடுத்தது நேரமும் இடமும். டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தது 2003-ல். 2016-ல் கடை திறப்பு காலை 10-லிருந்து நண்பகல் 12-க்கு மாறியது. காலைக் குடிக்கு அது ஓரளவு தடை. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டு 4,829 ஆயின. மூடிய கடைக்கு அடுத்த கடை எத்தனை தூரம் என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால் கூட்டம்தான் இடம் மாறும்.

சாலையில் பலன் தருவது தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடும் நிச்சயம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில், சந்தேகம் இல்லாவிட்டாலும் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம் என்று கொண்டுவந்தது. சாலை மரணம் சட்டென இறங்கியது. நம் ஊரில் ஊதச் சொல்வது சனிக்கிழமை இரவோடு முடிந்துவிடுகிறது. மேலே போட்ட கணக்கின்படி ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கும் ஒருவர் நிற்க வேண்டும்.

அதே ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மதுப் புட்டியிலும் உள்ளே எத்தனை அளவு இருக்கிறது என்று அச்சிடுவது கட்டாயம். நம் குவார்ட்டரில் 'உடல்நலத்துக்குக் கேடு' என்ற வரியும் 42.8 என்ற எண்ணும் இருக்கின்றன. 6 என்ற எண் இல்லை.